பயிற்சிக்கு வராத கேப்டன்: லெட்லி கிங்கின் இடது முழங்கால்

2004-05 சீசனில் லண்டன் கால்பந்து கிளப்பான டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் ஆடிய 38 லீக் ஆட்டங்களிலும் அதன் தடுப்பாட்டக்காரர் லெட்லி கிங் களத்தில் இருந்தார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 2007-08ல், அதே 38ல் அவர் ஆடியது 4. அதற்கடுத்த நான்கு சீசன்களில் 24, 20, 6, 21. 2012 ஜூலை 19 அன்று, 31 வயதில், ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

எண்களை மட்டும் பார்த்தால், காயத்தில் முடிந்த இன்னொரு கால்பந்து வாழ்க்கை என்று தாண்டிப் போய்விடலாம். என்னை நிறுத்தியது வேறு ஒரு விஷயம். அந்தக் கடைசி சீசன்களில் கிங் சக வீரர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தது மிக அபூர்வம். சனிக்கிழமை ஆடுவார், முழங்கால் வீங்கும், வாரம் முழுக்க அதை வடியவைப்பார்கள், அடுத்த சனிக்கிழமை திரும்பவும் ஆடுவார். இந்த நிலைமையில்தான் அவர் அணியின் கேப்டனாக இருந்தார், ஒரு கோப்பையைத் தூக்கினார், ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகுக்கு டாட்டன்ஹாமை முதன்முறையாகக் கொண்டுபோன அணியில் ஆடினார், உலகக் கோப்பைக்கும் போனார்.

'முழங்கால் மட்டும் சரியாக இருந்திருந்தால்...' என்று ரசிகர்கள் பெருமூச்சு விடுவது வழக்கம். அந்தப் பெருமூச்சுக்கு விடை கிடையாது. ஆனால் அந்த முழங்கால் அவரிடமிருந்து எதைப் பறித்தது, எதைப் பறிக்க முடியாமல் விட்டது என்று கேட்டால், ஒரு தடுப்பாட்டக்காரரின் வேலையில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு மூளை என்பதைப் பிரித்துப் பார்க்க முடியும். வேறு எந்த ஆட்டக்காரரிடமும் இதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க வழியில்லை.

முதல் எட்டு ஆண்டுகள்

கிங் பிறந்தது 1980 அக்டோபர் 12, கிழக்கு லண்டனின் போ பகுதியில். சிறுவனாக ஆடியது செனராப் என்கிற ஞாயிற்றுக்கிழமை அணிக்கு. அதே அணியில் அவரோடு ஆடிய பையன்களில் ஒருவர் ஜான் டெர்ரி. இங்கிலாந்தின் இரண்டு சென்டர் பேக்குகள், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள், ஒரே சிறுவர் அணியிலிருந்து வந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இருவரும் திரும்ப வருவார்கள்.

1999 மே மாதம் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதல் ஆட்டம். அப்போது மேலாளர் ஜார்ஜ் கிரஹாம். ஆரம்பத்தில் அவரைப் பெரும்பாலும் நடுக்களத்தில்தான் இறக்கினார்கள். 2000 டிசம்பரில் பிராட்ஃபோர்டு அணிக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி 10 விநாடி முடிவதற்குள் ஒரு கோல் போட்டார். பிரீமியர் லீக் வரலாற்றில் அதிவேக கோல் என்ற அந்தச் சாதனை 2019 ஏப்ரல் வரை நின்றது. ஷேன் லாங் 7.69 விநாடியில் அதை முறியடித்தார். கோல் போடுவதற்குப் பெயர் போகாத ஒரு ஆளிடம் 18 வருஷம் இருந்த சாதனை அது. டாட்டன்ஹாமுக்காக அவர் மொத்தமாகப் போட்டதே 14 கோல்தான்.

2001 கோடையில் சோல் கேம்பல் ஒப்பந்தம் முடிந்து, ஒரு பைசா மாற்றுத்தொகை இல்லாமல், பரம எதிரியான ஆர்சனலுக்குப் போனார். டாட்டன்ஹாம் ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வெற்றிடத்தில்தான் 20 வயது கிங், கிளென் ஹாடிலின் கீழ் பின்வரிசையின் நடுவில் நிரந்தரமாக நின்றார். 2001-02ல் 32 லீக் ஆட்டம், பிறகு 25, 29, அப்புறம் அந்த முழு 38. 2005 ஜனவரியில் ஜேமி ரெட்நாப் கிளம்பிய பிறகு கேப்டன் பட்டையும் அவர் கைக்கு வந்தது.

இந்தக் காலத்துக்கு இங்கே அதிக இடம் தரவில்லை என்பதால் இதை எடை குறைவாக நினைத்துவிடக் கூடாது. 2006-07 முடியும்போது அவர் 193 லீக் ஆட்டங்கள் ஆடியிருந்தார். இந்த 193தான் பின்னால் வருகிற கதையின் முதலீடு.

அவர் எப்படிப் பந்தை எடுத்தார்

2004 ஜூன் 13, லிஸ்பன். யூரோ கோப்பையில் இங்கிலாந்துக்கு முதல் ஆட்டமே நடப்பு சாம்பியன் பிரான்ஸோடு. டெர்ரிக்குக் காயம். அவர் இடத்தில் கிங். பக்கத்தில் நின்ற ஜோடி, வேறு யார், சோல் கேம்பல். எதிரே தியரி ஆன்ரி, அப்போது தன் உச்சத்தில் இருந்தார். ஆட்டம் 90 நிமிடத்தைத் தொடும்வரை இங்கிலாந்து 1-0 முன்னிலை. கூடுதல் நிமிடங்களில் ஜிதான் ஒரு ஃப்ரீ கிக்கும் ஒரு பெனால்டியும் போட்டு எல்லாவற்றையும் புரட்டிவிட்டார். பெனால்டி வந்தது, ஸ்டீவன் ஜெரார்டு பின்னால் தட்டிவிட்ட பந்தை ஆன்ரி எட்டிவிட, கோல்கீப்பர் அவரை வீழ்த்தியதால். பின்வரிசை தன் வேலையைச் சரியாகச் செய்தும் தோற்ற ஆட்டம் அது.

சட்டையைப் பிடித்து இழுக்காமல், தள்ளாமல் தன்னிடமிருந்து பந்தை எடுக்கிறவர் என்று கிங்கைப் பற்றி ஆன்ரியே பின்னாளில் பாராட்டியிருக்கிறார். 268 பிரீமியர் லீக் ஆட்டங்களில் அவர் வாங்கிய மஞ்சள் அட்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்டர் பேக் ஒருவருக்கு இது நம்பமுடியாத கணக்கு.

நல்ல பிள்ளை என்பதால் அட்டை வாங்கவில்லை என்று இதைப் படித்தால் பாதிதான் புரியும். தடுப்பாட்டக்காரர்கள் அட்டை வாங்குவது பெரும்பாலும் தாமதத்தால். பந்து எங்கே போகும் என்று ஒரு கணம் பிந்திப் புரிகிறது, அந்தக் கணத்தை ஈடுகட்டக் காலை நீட்டுகிறார்கள், சறுக்குகிறார்கள், சட்டையைப் பிடிக்கிறார்கள். கிங் முன்கூட்டியே கிளம்பிவிடுவார். ஸ்ட்ரைக்கர் பந்தைத் தன் காலிலிருந்து சற்றே தள்ளிவிடும் அந்தத் தொடுகைக்காகக் காத்திருப்பார். அதுவரை நின்ற நிலையிலேயே பின்னால் நகர்ந்துகொண்டிருப்பார், தரையில் விழமாட்டார். தொடுகை நீண்டால் பந்து இவருடையது.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2006 நவம்பர் 5. ஒயிட் ஹார்ட் லேனில் செல்சியோடு ஆட்டம். ஆரியன் ராபன் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார், முன்னால் கோல்கீப்பர் மட்டும். கிங் பின்னாலிருந்து துரத்துகிறார். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் ராபனை விட வேகமாக ஓடுகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். கிங் எட்டிப் பிடித்து, ராபன் காலைத் தொடாமல் பந்தை மட்டும் எடுத்துவிட்டார். டாட்டன்ஹாம் 2-1 என்று ஜெயித்தது. லீகில் செல்சியை அவர்கள் வென்று 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஓட்டத்தை எப்போது திரும்பப் பார்த்தாலும் எனக்கு ஒன்று கண்ணில் படும்: அவர் ராபனை நோக்கி ஓடவில்லை. ராபன் போய்ச் சேரப்போகிற இடத்தை நோக்கி ஓடுகிறார்.

வேகம் அவரிடம் இருந்தது என்பது உண்மைதான். அடுத்த வருஷம் போகப்போவதும் அந்த வேகம்தான். எந்த இடத்தை நோக்கி ஓட வேண்டும் என்கிற கணக்கு மட்டும் அவரோடு தங்கியது.

முழங்காலுக்குள் நடந்தது

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். சில மில்லிமீட்டர் தடிமன்தான். இதற்கு ரத்தக் குழாய்களே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து ஊறி வருவதை வைத்துத்தான் பிழைக்கிறது. தோலில் வெட்டுப்பட்டால் ரத்தம் வந்து, அதோடு ஆற்றுகிற சரக்கும் வந்து சேரும். குருத்தெலும்பு தேய்ந்தால் அந்த உதவி வராது. அதனால் பெரியவர்களுக்குத் தேய்ந்தது தேய்ந்ததுதான். அடியில் உள்ள எலும்பில் சின்னத் துளைகள் போட்டு, வழிகிற ரத்தத்திலிருந்து புதுத் திசு வளரவைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. ஆனால் அப்படி வளர்வது பழைய குருத்தெலும்பு அளவுக்கு உறுதியானதில்லை, தழும்புத் திசு மாதிரி.

கிங்கின் இடது முழங்காலில் இந்தப் போர்வைதான் போய்விட்டிருந்தது. அறுவை செய்து சரிப்படுத்துவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை, எலும்போடு எலும்பு உரசுகிறது என்று மேலாளர் ஹாரி ரெட்நாப் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

ஓடும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழும். நேராக ஓடுவதைவிடக் கடுமையானது, முழு வேகத்தில் வந்து சட்டென்று நிற்பதும் திரும்புவதும். உரசலுக்கு மூட்டு காட்டுகிற எதிர்ப்புதான் வீக்கம்: உள்ளே திரவம் கூடிவிடும். வலி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வீக்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு. மூட்டில் திரவம் நிறைந்தால், முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலம் தானாகவே குறைத்துவிடும். ஆட்டக்காரர் எவ்வளவு முயன்றாலும் தசை முழுசாக இறுகாது. இறுகாத தசை சில நாளிலேயே மெலியும். மெலிந்த தசையால் முழங்காலைத் தாங்கிப் பிடிக்க முடியாது, அதனால் அடுத்த ஆட்டத்தில் உரசல் இன்னும் கூடும். இந்தச் சுழலை எங்காவது உடைத்தாக வேண்டும். கிங் நீச்சல் குளத்திலும் ஜிம்மிலும் கழித்த வாரங்களின் அர்த்தம் அதுதான். தண்ணீருக்குள் எடை குறைவு, ஆகவே மூட்டைச் சீண்டாமல் தசையை வேலை வாங்கலாம். புல்தரையில் செய்யும் பயிற்சி ஒவ்வொன்றும் சனிக்கிழமைக்கான ஓட்டத்திலிருந்து கழிந்துவிடும். அதனால் புல்தரைக்கே அவரை அனுப்பவில்லை.

ஒரு வாரத்துக்கு ஒரு ஆட்டம்

2007-08ல் ஆடிய அந்த 4 லீக் ஆட்டங்களைப் பார்த்து யாரும் அவரை எழுதிவிட்டிருக்கலாம். அப்போது மேலாளர் ஹுவாண்டே ராமோஸ். ஆனால் அதே சீசனில், 2008 பிப்ரவரி 24 அன்று, வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் கிங் ஆடினார். எதிரணி மறுபடியும் செல்சி. ட்ரோக்பாவின் ஃப்ரீ கிக், பெர்பட்டோவின் பெனால்டி, கூடுதல் நேரத்தில் ஜோனதன் வுட்கேட்டின் தலையில் பட்டு உள்ளே போன பந்து: 2-1. முழு 120 நிமிட ஆட்டம். கோப்பையை கிங் தூக்கினார். அதற்குப் பிறகு டாட்டன்ஹாம் இன்னொரு கோப்பையைத் தொட 2025 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வுட்கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காயங்களின் பட்டியலில் கிங்குக்குச் சளைக்காதவர் அவர். உடைந்த இரண்டு பேரை நடுவில் நிறுத்தி ஒரு கோப்பையை ஜெயித்த அணி என்று அதைச் சொல்லலாம்.

2008 அக்டோபரில் எட்டு ஆட்டங்களில் வெறும் 2 புள்ளிகளோடு டாட்டன்ஹாம் பட்டியலின் அடியில் கிடந்தபோது ராமோஸ் போய் ரெட்நாப் வந்தார். ரெட்நாப் செய்த ஏற்பாடு எளிமையானது. பயிற்சி வேண்டாம், ஆட்டத்தன்று வந்தால் போதும். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் ஒரு வாரமாவது இருக்க வேண்டும். புதன்கிழமை ஆட்டம் இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். பல மேலாளர்கள் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வாரம் முழுக்க வியர்வை சிந்தியவரை உட்காரவைத்துவிட்டு, வாரம் முழுக்க வராதவரை இறக்கினால் உடைமாற்றும் அறையில் முணுமுணுப்பு எழும். கிங் விஷயத்தில் அப்படி வெடித்ததாகத் தெரியவில்லை. அவர் இறங்கினால் ஜெயிப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பதை மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

2009-10ன் உச்சம் 2010 மே 5. சாம்பியன்ஸ் லீகுக்கு வழி திறக்கும் நான்காம் இடத்துக்காக மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே சந்திக்க வேண்டும். எதிரே டெவெஸும் அடபாயோரும். நடுவில் கிங்கும் மைக்கேல் டாசனும். கடைசிப் பத்து நிமிடத்தில் பீட்டர் க்ரௌச் ஒரு கோல் போட, 1-0. டாட்டன்ஹாம் முதன்முறையாக சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றது.

இதில் ஒரு முரண் உண்டு. சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் செவ்வாயும் புதனும் நடப்பவை. அதாவது, கிங் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்த அந்தப் போட்டியின் அட்டவணையே கிங்கின் முழங்காலுக்கு எதிரானது. 2010-11ல் அவர் ஆடியது 6 லீக் ஆட்டம்தான்.

பயிற்சி இல்லாமல் எப்படி?

விஷயம் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு சென்டர் பேக்குக்குப் பயிற்சி எதற்கு? மூச்சுத் தாங்குவதற்கு, பக்கத்தில் நிற்பவரோடு ஒரே கோட்டில் முன்னேறி, பின்வாங்கி, எதிரணி ஸ்ட்ரைக்கரை விதிமீறிய இடத்தில் சிக்கவைக்கும் ஆஃப்சைடு பொறியைச் சேர்ந்து வைப்பதற்கு, கார்னர், ஃப்ரீ கிக் வரும்போது யார் யாரைப் பிடிப்பது என்று முடிவு செய்வதற்கு, எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணும் காலும் ஆட்டத்தின் வேகத்துக்குப் பழகுவதற்கு.

மூச்சு விஷயத்தில் அவர் ஆடிய இடம் கைகொடுத்தது. பக்கவாட்டுத் தடுப்பாளரோ நடுக்கள ஆட்டக்காரரோ ஓடுகிற தூரத்தை சென்டர் பேக் ஓடுவதில்லை. அவருடைய ஓட்டங்கள் குறுகியவை, இடையிடையே நடை. ஒரு கணம் முந்திக் கிளம்புகிறவருக்கு அந்தக் குறுகிய ஓட்டமும் இன்னும் மெதுவானதாக இருந்தால் போதும். முந்திக் கிளம்பினால் கடைசியில் சட்டென்று பிரேக் போடத் தேவையில்லை; மேலே சொன்ன மாதிரி மூட்டை அதிகம் கெடுப்பது அந்த பிரேக்தான். சறுக்கி விழாமல் நின்றே பந்தை எடுக்கும் அவருடைய பழக்கம், முழங்கால் நன்றாக இருந்த நாளில் வெறும் நேர்த்தியாகத் தெரிந்தது. பின்னால் அதுவே பிழைக்கும் வழியாக மாறியது. அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த விதம் தற்செயலாக ஒரு கெட்ட முழங்காலுக்குப் பொருந்தியது.

வரிசையை ஒன்றாக வைத்திருப்பதில் பக்கத்தில் நின்றவர்கள் சுமையைப் பகிர்ந்துகொண்டார்கள். டாசன் வாய் ஓயாமல் கத்தி வரிசையை நகர்த்துகிறவர். பிறகு வந்த வில்லியம் கல்லாஸ், ஆர்சனலிலும் செல்சியிலும் ஆடித் தேறியவர். கிங்குக்கு அவர்கள் எங்கே நிற்பார்கள் என்பது தெரியும், ஏனென்றால் அவர் இதை நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறார்.

'அவருக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை' என்று பலரும் வியப்பதை நான் ஒத்துக்கொள்ளாதது இதனால்தான். பயிற்சி தேவைப்பட்டது. அதை அவர் 1996ல் டாட்டன்ஹாமில் பயிற்சி வீரராகச் சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் செய்து வைத்திருந்தார், அதோடு 193 லீக் ஆட்டங்கள். கடைசி ஐந்து சீசனும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்த காலம். புதிதாக எதுவும் வரவில் விழவில்லை. 21 வயதில் இதே முழங்காலோடு ஒருவர் வந்திருந்தால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட ஓடியிருக்காது.

ரஸ்டன்பர்க், 45 நிமிடம்

இந்த ஏற்பாட்டின் எல்லை எங்கே என்பதைக் காட்டியது 2010 உலகக் கோப்பை. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இங்கிலாந்துக்கு ஆடாமல் இருந்தவரை ஃபேபியோ கப்பெல்லோ அணியில் சேர்த்தார். மே 24 அன்று வெம்ப்ளியில் மெக்ஸிகோவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கிங் தலையால் ஒரு கோலும் போட்டார். இங்கிலாந்துக்கு அவர் போட்ட இரண்டே கோல்களில் அது இரண்டாவது. முதலாவது 2004ல் போர்ச்சுகலுக்கு எதிராக. அப்புறம் தென்னாப்பிரிக்காவில், போட்டி தொடங்கும் முன்பே கேப்டன் ரியோ ஃபெர்டினண்டுக்குப் பயிற்சியில் அடிபட்டது. மாற்று ஆட்டக்காரராக இருக்க வேண்டிய கிங் முதல் வரிசைக்கு வந்தார்.

ஜூன் 12, ரஸ்டன்பர்க், அமெரிக்காவோடு ஆட்டம். கிங்கும் டெர்ரியும், அதாவது செனராப் அணியின் அந்த இரண்டு பையன்களும், உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் நடு அரணாக நின்றார்கள். 45 நிமிடம்தான். இடைவேளைக்குப் பிறகு கிங் வரவில்லை. அடிபட்டது முழங்காலில் இல்லை, இடுப்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட கவட்டைப் பகுதியில். ஒரு காலைக் காப்பாற்றி ஓடுகிறவரின் பாரம் வேறு எங்காவது போய் உட்காரும் என்பது உடற்கூறு தெரிந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இவர் விஷயத்தில் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் 2010-11ம் இதே பகுதியின் தொல்லையில்தான் பெரும்பகுதி போனது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கிங்குக்குப் பதிலாக இறங்கியவர் ஜேமி கேரகர், சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகியிருந்து இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டவர். அமெரிக்காவோடு ஒரு மஞ்சள் அட்டை, அல்ஜீரியாவோடு இன்னொன்று. மூன்றாவது ஆட்டத்துக்குத் தடை. ஸ்லோவேனியாவோடு மேத்யூ அப்சன் வந்தார். ஜூன் 27 அன்று ஜெர்மனி 4-1 என்று இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பியபோதும் டெர்ரிக்குப் பக்கத்தில் அப்சன்தான். நான்கு ஆட்டங்களில் மூன்று ஜோடிகள். தோல்விக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை, அந்த இங்கிலாந்து அணியில் ஓட்டைகள் பல. இருந்தாலும் ஜூன் 12, 18, 23, 27 என்று அட்டவணை கையில் இருக்கும்போது, ஒரு ஆட்டத்திலிருந்து தேற ஏழு நாள் வேண்டிய முழங்காலை அதில் எங்கே பொருத்துவது? அந்தக் கணக்கைக் கப்பெல்லோவும் அவருடைய மருத்துவக் குழுவும் மே மாதமே போட்டிருக்க முடியும். இதில் என் குறை கிங் மேல் இல்லை. உலகக் கோப்பைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று எந்த ஆட்டக்காரர் சொல்வார்?

இங்கிலாந்துக்காக அவர் ஆடிய 21வது ஆட்டம் அது. அதோடு முடிந்தது.

கிளப் கொடுத்த விலை

டாட்டன்ஹாமுக்கும் இது இலவசமாக வந்துவிடவில்லை. கடைசி ஐந்து சீசனில் ஆடக்கூடிய 190 லீக் ஆட்டங்களில் கிங் 75ல் ஆடினார், ஐந்தில் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மீதி மூன்றுக்கு வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் கிங் ஆடும் வாரத்தில் உட்கார வேண்டும், ஆடாத வாரத்தில் உடனே தயாராக இருக்க வேண்டும். வுட்கேட், பாஸோங், கபூல், கல்லாஸ் என்று அந்தக் காலத்தில் சேர்ந்த சென்டர் பேக்குகளின் வரிசை நீளமானதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதோடு, கேப்டன் வாரநாட்களில் கண்ணில் படாதவராக இருப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இளம் ஆட்டக்காரர் ஒருவர் கிங்கிடம் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் சனிக்கிழமை 90 நிமிடத்தில்தான் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் இருக்கிறார். பால் மெக்ராத், அயர்லாந்துக்காக 83 ஆட்டங்கள் ஆடிய சென்டர் பேக். முழங்கால்களில் அறுவை மேல் அறுவை செய்துகொண்டவர். 1989ல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை விட்டதும் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார், அங்கே பயிற்சி ஏறக்குறைய இல்லாமலே ஆடினார். 1992-93ல் சக ஆட்டக்காரர்கள் வாக்களித்து அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1994 உலகக் கோப்பையில் இத்தாலியை அயர்லாந்து 1-0 என்று வென்றபோது ராபர்டோ பாஜியோவை அடக்கியதும் இவர்தான். வில்லாவில் அவர் 250க்கு மேல் லீக் ஆட்டங்கள் ஆடிவிட்டார். அப்படியானால் கிங்கால் ஏன் முடியவில்லை? என் பதில்: கெட்டுப்போன முழங்கால்கள் எல்லாம் ஒரே மாதிரி கெட்டுப்போவதில்லை. ஆனால் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மெக்ராத்தும் பந்துக்கு முன்னால் அங்கே போய் நிற்கிறவர், வில்லாவுக்கு வரும்போது அவருக்கும் கிட்டத்தட்ட 30 வயது. அவரும் சேமிப்போடுதான் வந்தார்.

சேமிப்பு தீர்ந்த சீசன்

2011-12 நன்றாகத்தான் ஆரம்பித்தது. டாட்டன்ஹாம் முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது, கிங் 21 லீக் ஆட்டம் ஆடினார், முந்தைய சீசனைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆனால் 2012 பிறந்த பிறகு பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் ஸ்ட்ரைக்கர் திரும்புவதற்குள் அங்கே நிற்பவர், இப்போது திரும்பிய பிறகு வந்து சேர்ந்தார். என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்கு அப்போதும் தெரிந்தது என்றே நான் நம்புகிறேன். அங்கே போய்ச் சேரத்தான் கால் வரவில்லை. ஏப்ரலில் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் செல்சி 5-1 என்று நசுக்கியது. லீகில் நான்காம் இடம் வந்தும் பயனில்லை, மே 19 அன்று செல்சி சாம்பியன்ஸ் லீகையே ஜெயித்து, அடுத்த சீசனின் அந்தப் போட்டிக்கான இடத்தைப் பிடுங்கிக்கொண்டது. ஜூனில் ரெட்நாப் போனார். ஜூலையில் கிங்.

மொத்தம் 323 ஆட்டங்கள், எல்லாம் ஒரே கிளப்புக்கு. இவ்வளவு காயத்தோடு வேறு கிளப் யார் வாங்கியிருப்பார்கள் என்று சிலர் கேலியாகக் கேட்பதுண்டு. 2006க்கு முன்னால் வாங்க ஆசைப்பட்டிருக்கக்கூடியவர்களின் வரிசை சின்னதாக இருந்திருக்காது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் கிளப்பின் தூதராக அங்கேயே இருந்தார். 2020 ஆகஸ்டில் ஜோஸே மொரீனோ அவரை முதல் அணியின் உதவிப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார். அந்த சீசனில், ஆடிய கடைசி ஆண்டுகளில் ஏறக்குறைய கால் வைக்காத வாரநாள் பயிற்சிப் புல்தரையில், லெட்லி கிங் காலையில் வந்து நின்று தடுப்பாட்டக்காரர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.